பனிமலைக்கு ஆறு ஜோடி பூட்ஸ்

1. காலைப் பிடித்த பூட்ஸ்

ஆறு பேருக்கும் பூட்ஸ் மாட்டி, லேஸ் கட்டி, எழுந்து நிற்கச் சொல்லியிருந்தேன். அப்போதுதான் வாசலில் நின்ற ஏழாவது ஆள் உள்ளே வந்து, "அண்ணாச்சி, எல்லாத்தையும் கழட்டச் சொல்லுங்க" என்றார்.

கோவில்பட்டி பஜாரில் ஒரு செருப்புக் கடையில் நான் சேல்ஸ்மேனாக இருந்த காலம் அது. அறுபதுகளின் நடுப்பகுதி. தீபாவளி வியாபாரம் முடிந்து கடை ஓய்ந்திருந்த ஐப்பசி மாதம். எங்களிடம் ஓடியது பெரும்பாலும் தோல் செருப்பும் பள்ளிக்கூடத்து ஷூவும்தான். பூட்ஸ் கேட்டு மில் ஃபிட்டரோ போலீஸ்காரரோ எப்போதாவது வருவார்கள். ஒரே நேரத்தில் ஆறு ஜோடி விற்பது எனக்கு அதுவே முதல் தடவை.

வந்தவர்கள் பக்கத்து எப்போதும்வென்றான் கிராமத்துக்காரர்கள். கிணறு வெட்டுகிறவர்கள். கரிசலுக்கு அடியில் இருக்கும் பாறையை வெடி வைத்து உடைத்துப் பழகியவர்கள். வடக்கே இமயமலைப் பக்கம் மின்சாரத்துக்காக ஒரு சுரங்கம் குடைகிறார்கள் என்று ஒரு காண்ட்ராக்டரின் ஏஜெண்டு வந்து ஆள் எடுத்திருந்தார். குளிர்காலம் முழுக்க அங்கே வேலை. பூட்ஸ் அவரவர் வாங்கி வர வேண்டும். ஆறு பேரில் ஒருவர்கூட அதுவரை பூட்ஸ் போட்டதில்லை.

பூட்ஸ் மாட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. என் கையால் மாட்டினால் கால் உள்ளே ஆடாது. அன்றைக்கும் அப்படித்தான், கறுப்பு நிறத்தில் பளபளக்கும் சரக்கை எடுத்து, காலைக் கவ்விப் பிடிக்கிற சைஸாகப் பார்த்து மாட்டியிருந்தேன்.

உள்ளே வந்தவர் பெயர் மாரியப்பன். என் வயதுதான் இருக்கும், இருபத்தெட்டு. ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். பெருவிரலும் அதற்கடுத்த இரண்டும் இல்லை. இருந்த இடம் வழுவழுவென்று மூடியிருந்தது.

"போன வருசம் நானும் இதே வேலைக்குப் போனேன் அண்ணாச்சி. இதே மாதிரி பூட்ஸுதான். நல்லாப் பிடிச்சிருந்துச்சு. அப்படிப் பிடிச்சதுலதான் வெரலு போச்சு."

ஆறு பேரில் ஒருவன், பொன்னுச்சாமி, மாரியப்பனின் தம்பி. குனிந்து தன் லேஸை அவிழ்க்க ஆரம்பித்தான். மற்றவர்களும் அவிழ்த்தார்கள்.

கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்தார். "ஏலே, வேண்டாம்னா பேசாம போவியா, கடையில ஒக்காந்து காலக் காட்டிக்கிட்டிருக்க! யாவாரத்தக் கெடுக்கதுக்குன்னே வந்தியோ?"

"மொதலாளி, நான் கெடுக்க வரலை. என் தம்பி போறான். அதுக்குத்தான் சொல்லுதேன்" என்றார் மாரியப்பன்.

முதலாளி என்னைப் பார்த்தார். ஆறு பேர் காலிலும் நான் இறுக்கி மாட்டியிருந்தது அப்போதுதான் உறைத்தது.

"எப்ப ரயில்?" என்று கேட்டேன்.

"கார்த்திகை பத்து."

மூன்று வாரம் இருந்தது. அதற்குள் பார்த்து வாங்கித் தருகிறேன் என்று சொல்லி ஆறு பேரையும் அனுப்பினேன். மாரியப்பனை மட்டும் டீக்கடைக்கு அழைத்துப் போனேன்.

2. அவர் சொன்ன கணக்கு

பூட்ஸைப் பற்றி எனக்குத் தெரியாததை அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டேன்.

சுரங்கத்துக்குள் குளிர் அவ்வளவு இல்லையாம். பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கணுக்கால் அளவுக்குச் சேறு. எட்டு மணி நேரத்தில் பூட்ஸ் ஊறிவிடும். வெளியே வந்து கேம்ப்புக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். அந்த ஒரு மைலில்தான் எல்லாம் நடக்கும்.

"நனைஞ்ச சாக்ஸு அப்படியே வெறைச்சுப் போவும். மொதல்ல வலிக்கும். பொறவு வலி நின்னுரும். வலி நின்னுட்டுன்னு நான் சந்தோசப்பட்டேன் அண்ணாச்சி. அங்கனதான் தப்பு. வலி நின்னா ரத்தம் நின்னுட்டுன்னு அர்த்தமாம், டாக்டரு பொறவுதான் சொன்னாவ."

"பூட்ஸ் பெருசா இருந்திருந்தா?"

"உள்ள வெரல மடக்கி நீட்டிக்கிட்டே நடக்கணும். வடக்கத்தி ஆளுக அப்படித்தான் நடப்பாவ. ரெண்டு சாக்ஸு போடுவாவ, அதுக்கு மேலயும் வெரலாட இடம் கெடக்கும். எனக்கு ஒரு சாக்ஸு போடவே இடம் இல்ல. ஆணி வேற, அடியில இருந்து உள்ள வரைக்கும் அடிச்சிருந்தான். ஒவ்வொரு ஆணியும் ஐஸ் மாதிரி குத்தும்."

விரல் போனதும் காண்ட்ராக்டர் அவருக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஊருக்கு வந்த பின் கிணற்று வேலைக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை. கயிற்றைப் பிடித்து இறங்க விரல் வேண்டும், பாறையில் ஊன்ற விரல் வேண்டும். இரண்டு வருஷமாக மழை சரியில்லாததால் புதுக் கிணறு வெட்டுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். அதனால் இப்போது தம்பி கிளம்புகிறான்.

"போகாதலேன்னு சொல்லி அலுத்துட்டேன். கேக்க மாட்டேங்கான். அவன் சொல்லுததும் நியாயந்தான். போறவன் முழுக்காலோட திரும்பி வரணும்லா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தேன்.

3. சகதியில் மூன்று நாள்

பனியை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் குளிருக்கு மார்கழியில் ஒரு துண்டு போதும். ஆனால் பூட்ஸின் தையலையும் அடியையும் சோதிக்க எங்களிடம் ஒன்று இருந்தது. மழை பெய்த கரிசல் காடு. அந்த மண் நனைந்தால் காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி வேறெந்த மண்ணும் இழுக்காது. மாட்டின் குளம்பையே விடாது.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. கடையில் விற்கிற அதே பளபள பூட்ஸில் என் சைஸ் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, காலையில் கடை திறக்கும் முன்பும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் ஊருக்கு வெளியே பருத்திக் காட்டு ஓரமாக நடந்தேன். பத்து எட்டு வைத்தால் ஒவ்வொரு காலிலும் இரண்டு படி மண். களை பார்க்க வந்த ஒரு பெண், "ஏட்டி, அந்த அண்ணாச்சிக்கு என்னவோ ஆயிட்டு" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனைக்கும் அந்தப் பூட்ஸோடுதான் போனேன். உபதேசியார் வாசலில் மறித்து, "ஞானராஜ், காட்டுல பாதிய எடுத்துட்டு வந்திட்டீரே" என்றார். கழற்றிக் கையில் எடுத்தபோது இடது பூட்ஸின் அடி முன்பக்கம் வாய் பிளந்திருந்தது. திங்கட்கிழமை மதியம் அது முழுதாகக் கழன்று சகதிக்குள்ளேயே நின்றுவிட்டது. தோண்டி எடுத்தேன்.

அதை அப்படியே கொண்டுபோய் முதலாளி முன்னால் வைத்தேன். அடியைத் தையல் போட்டு இணைக்கவில்லை, பசை தடவிச் சுற்றிலும் சின்ன ஆணி அடித்திருந்தார்கள். தோலும் மெல்லிசு. மேலே பூசியிருந்த கறுப்புச் சாயம் உரிந்து உள்ளே வெளுத்துப் போயிருந்தது.

முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இத நம்ம எத்தன பேருக்கு வித்திருக்கோம்லே?"

"தெரியல மொதலாளி. நடக்குற இடம் நல்லாருந்தா தாங்கும். அங்க தாங்காது."

"மதுரைக்குப் போ" என்றார். "ஆறு ஜோடி பாத்து எடுத்துட்டு வா. பளபளப்பு வேண்டாம்." கொஞ்சம் கழித்து, "அந்தக் காலு போனவன் பேரு என்ன சொன்ன?" என்று கேட்டார். சொன்னேன். "அவனையும் கூட்டிட்டுப் போ. ஒனக்குக் கண்ணு, அவனுக்கு அனுபவம்."

4. மதுரையில் எடுத்தது

போவதற்கு முன் ஆறு பேரையும் கடைக்கு வரச் சொல்லி, காகிதத்தில் பாதத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் வரச் சொன்னேன். வேலை செய்து நின்ற கால் சாயங்காலம் கொஞ்சம் ஊதியிருக்கும், அந்த அளவுதான் சரி. வெறுங்காலில் வளர்ந்த பாதங்கள் முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்திருந்தன. கடையில் நான் பார்த்தது நீளத்தை மட்டும். அகலத்தை நான் பார்க்கவே இல்லை.

மதுரையில் பட்டாளம் கழித்துப்போட்ட டிஸ்போசல் சரக்கு விற்கிற ஒரு கடை இருந்தது. பழைய ராணுவ பூட்ஸ் குவியலாகக் கிடக்கும். பாதி நல்லது, பாதி எலி கடித்தது. மாரியப்பனும் நானும் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம், எழுந்தது நான்கு மணிக்கு. பார்த்தது இவைதான்.

விரல் மடங்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தித் தோலை மடக்க வேண்டும். மடிப்பில் கோடு கோடாக வெடிப்பு தெரிந்தால் ஒதுக்கிவிட வேண்டும். அடியைச் சுற்றி மெழுகு நூல் தையல் இருக்க வேண்டும். நாக்கு, அதாவது லேஸுக்கு அடியில் இருக்கும் தோல், இரண்டு பக்கமும் மேல்வரைக்கும் சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். தனியாக ஆடினால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். கடைசியாகக் கையை உள்ளே விட்டு அடிப்பாகத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். ஆணி தட்டுப்படக் கூடாது. இந்தக் கடைசி வேலையை மாரியப்பன் என்னைச் செய்ய விடவில்லை. ஒவ்வொன்றிலும் அவரே கையை விட்டார்.

கடைக்காரர் பொறுமை இழந்து, "ஏங்க, பொண்ணா பாக்குறீங்க?" என்றார்.

"பொண்ணு பாத்தாக்கூட இவ்வளவு பாக்க மாட்டோம் அண்ணாச்சி" என்றார் மாரியப்பன். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காகிதத்து அளவைவிட ஒன்றரை சைஸ் பெரிதாக ஆறு ஜோடி எடுத்தோம். நிறம் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. பார்க்க அழகே இல்லை.

கோவில்பட்டிக்கு வந்து மெழுகையும் விளக்கெண்ணெயையும் சேர்த்து உருக்கி, இளஞ்சூட்டில் தோலிலும் தையலிலும் தேய்த்தோம். காய்ந்து கிடந்த தோல் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருந்தது. மூன்று நாள் விட்டு விட்டுத் தேய்த்தோம். உள்ளே போட என்ன செய்வதென்று யோசித்தபோது மாரியப்பன்தான் கம்பளி என்றார். நாகலாபுரம் பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் மழைக்குப் போர்த்துகிற முரட்டுக் கருங்கம்பளி. அதில் ஒன்று வாங்கிப் பாதக் கோட்டின்படி வெட்டி, ஆளுக்கு இரண்டு ஜோடி உள்ளடி செய்தோம். ஒன்று காலில், ஒன்று காயப் போட.

பிறகு ஆறு பேரையும் பூட்ஸ் போட வைத்துச் சகதியில் நடக்கவிட்டோம். ஒன்றும் பிளக்கவில்லை. "கால் உள்ள ஆடுதே அண்ணாச்சி" என்றான் பொன்னுச்சாமி.

"ஆடட்டும்லே" என்றார் மாரியப்பன். "நனைஞ்சா அடுப்புகிட்ட வைக்காத, தோலு வெடிச்சிரும். லேஸ இறுக்காத. வலி நின்னுச்சுன்னா நடக்காத, ஒக்காந்து தேய்க்காத, ஓடிப்போய் கேம்ப்புல சொல்லு." ரயில் ஏறும் வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

5. இன்லேண்ட் லெட்டர்

தை பிறந்து இரண்டு வாரம் கழித்துக் கடை விலாசத்துக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. பொன்னுச்சாமி எழுதியது. எழுத்து நடுங்கியிருந்தது, குளிரில் எழுதியதாக இருக்கும். ஐந்து பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருவர் மட்டும் மாரியப்பன் பேச்சைக் கேட்காமல் லேஸை இறுக்கிக் கட்டியதில் சுண்டுவிரல் வெளுத்துப்போய், கேம்ப் டாக்டர் வெந்நீர் வைத்தியம் செய்து காப்பாற்றிவிட்டார். மற்ற ஊர் ஆட்கள் கம்பளி உள்ளடியைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். கடைசி வரியில், "ஸ்டோர் கீப்பர் ஐயா இந்தப் பூட்ஸ் எங்க எடுத்ததுன்னு கேக்காங்க. அண்ணன் பேரைச் சொன்னேன்" என்று இருந்தது.

நான் அதை மாரியப்பனிடம் கொடுக்க பஸ் ஏறி எப்போதும்வென்றானுக்குப் போனேன். அவர் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார். வெளியே வர நேரமாயிற்று.

வைகாசியில் ஆறு பேரும் திரும்பி வந்தார்கள். கூடவே அந்த ஸ்டோர் கீப்பரின் கடிதமும் வந்தது. அடுத்த குளிர்காலத்துக்கு ஸ்டோரில் ஒரு ஆள் வேண்டும். பூட்ஸ் பார்த்து வாங்க, தினமும் ஷிஃப்டுக்கு முன்னால் ஒவ்வொருவர் பூட்ஸையும் சோதிக்க. மாரியப்பன் வருவாரா?

அவருக்கான பூட்ஸை நானே செய்தேன். வலது முனையில் கம்பளியைச் சுருட்டித் தைத்து, இல்லாத விரல்களின் இடத்தை நிரப்பினேன். மூன்று தடவை பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. நான்காவது தடவை போட்டுக்கொண்டு பஜாரில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நடந்து வந்தார். நொண்டல் கொஞ்சம் இருந்தது. "இது போதும்" என்றார். முதலாளி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏலே ஞானம், இனிமே பூட்ஸ் கொள்முதல் ஒன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாரியப்பன் எட்டுக் குளிர்காலம் அங்கே வேலை பார்த்தார். அவர் சோதித்த பூட்ஸில் விரல் இழந்தவர் யாரும் இல்லை என்று பொன்னுச்சாமி சொன்னான்.

இப்போது கடைகளில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் "என்ன சைஸ்?" என்று கேட்காதீர்கள். "எங்க போறீங்க, அங்க என்ன வேலை?" என்று கேளுங்கள். நான் அதன்பிறகு இருபத்தைந்து வருஷம் அப்படித்தான் கேட்டேன். பதில் சொல்ல யாரும் சலித்துக்கொண்டதே இல்லை. அவர்கள் சொல்லி முடிக்கும்போது எந்தப் பெட்டியை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.