வீட்டில் பேசும் மொழி: இங்கிலீஷ்

மாலையில் சென்னை சென்ட்ரலில் ஏறியவன், மறுநாள் வியாழக்கிழமை காலை எட்டரைக்குச் செகந்தராபாத்தில் இறங்கினேன். எழுபத்து நான்காம் வருஷம், ஜூன் மாதம். மௌலா அலி ரயில்வே குடியிருப்புக்கு நாலு மைல். ரிக்ஷாக்காரர் மூன்று ரூபாய் கேட்டார். "நக்கோ" என்றேன், சிரித்துக்கொண்டே இரண்டுக்கு இறங்கினார். 'வேண்டாம்' என்று அர்த்தம்; எனக்குத் தெரிந்த அந்த ஊர் பாஷை அவ்வளவுதான்.

என்னை வரவழைத்தவள் தங்கை ஜெயமணி. மாப்பிள்ளைக்கு ரயில்வே பட்டறையில் வேலை. வீட்டுக்குப் பின்னால் மொட்டைப் பாறைக் குன்று, உச்சியில் தர்கா. அவர்கள் மகள் பியூலாவை ஓர் இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்க வேண்டும். விண்ணப்பத்தை நான் நிரப்ப வேண்டும். குடும்பத்தில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே! அந்தக் கர்வத்தோடுதான் போனேன்.

பதினோரு மணிக்குப் படிவத்தைப் பிரித்தேன். வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு கேள்வி. அந்த வீட்டில் ஜெயமணி திருநெல்வேலித் தமிழில் கேட்பாள், பிள்ளை இந்தியில் பதில் சொல்லும், மாப்பிள்ளை தெலுங்கில் அதட்டுவார்.

"தமிழ்னு எழுதினா எடுக்க மாட்டாங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

நான் யோசிக்கவே இல்லை. முத்து முத்தாக 'இங்கிலீஷ்' என்று எழுதினேன்.

படிவத்தைக் கொடுக்கப் போன மாப்பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் பத்து மணிக்குத் தாயும் வர வேண்டுமாம். தலைமையாசிரியை இங்கிலீஷில் பேசிப் பார்ப்பாராம்.

ஜெயமணிக்கு இங்கிலீஷில் ஒரு வாக்கியம்கூட வராது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் தானே வழி சொன்னாள். "பக்கத்து வீட்டு எஸ்தரைத் தாயின்னு கூட்டிட்டுப் போங்க. அவ டைப்பிஸ்ட்லா, நல்லாப் பேசுவா."

"என்னளா பேசுத?" என்றேன்.

"பிள்ளை படிக்கணும்லா அண்ணே."

அன்று சாயங்காலம் பிள்ளைக்கு அவளே பாடம் நடத்தினாள். எஸ்தரைக் காட்டி, "இது யாரு? மம்மின்னு சொல்லு." தன்னைக் காட்டி, "நான் யாரு? ஆன்ட்டின்னு சொல்லு." மூன்றாம் தடவை பிள்ளை அழுதுவிட்டது. "நக்கோ, அழாத" என்று கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜெயமணியின் கலியாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு எஸ்தர் போனாள். திரும்பி வந்தவளிடம், "இடம் கிடைச்சுதா?" என்றேன். "ஹவ் அண்ணா, கிடைச்சிடுச்சு. எனக்குத்தான் மனசு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். வந்ததும் புடவையை அவிழ்த்து மடித்துக் கொடுத்தாள். ஜெயமணி அதை நீவி டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. எனக்கு மாலையில் ரயில். காலையில் மூவரும் ஒரே ரிக்ஷாவில் போனோம். பள்ளிக்கு ஒரு தெரு முன்னாலேயே ஜெயமணி நிறுத்தச் சொன்னாள்.

"நீங்க கொண்டு விடுங்கண்ணே. என்னை அங்க ஆரும் பாக்கப்படாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கு மட்டுமா? பிள்ளை படித்து முடிக்கும்வரை இவள் அந்த கேட்டைத் தாண்ட முடியாது. ஆண்டு விழாவுக்கும் எஸ்தர்தான் போக வேண்டும். பாவி, நான் பெருமையாக எழுதிய ஒரு வார்த்தை அது. அந்தக் கையால்தான் பிள்ளையின் கையைப் பிடித்து நடத்திப் போனேன்.

கேட்டருகில் பியூலா திரும்பிப் பார்த்தாள். தெருமுனையில் ஜெயமணி நின்றிருந்தாள். பிள்ளை கையை ஆட்டிச் சத்தமாக, சொல்லிக் கொடுத்தபடியே கூப்பிட்டாள்: "பை, ஆன்ட்டி!"

ஜெயமணியும் கையை ஆட்டினாள்.