அம்மாவுக்குப் படித்துக் காட்டியது

எட்டாம் வகுப்பு படித்தபோது எனக்கும் அம்மாவுக்கும் பொதுவாக ஓர் எழுத்துகூடக் கிடையாது. அம்மா தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளியில் மூன்றாம் வகுப்புவரை தமிழ் படித்தவள். நான் மைசூரில் இங்கிலீஷும் கன்னடமும் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் அதன் எழுத்து எனக்குத் தெரியாது. இப்போது எழுதுகிற தமிழெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு நானாகக் கற்றுக்கொண்டது. ஆகவே வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் நான் படித்துச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்ல வேண்டும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் எங்கள் வீடு படித்தவர்கள் வீடு.

அந்த வருஷம் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடி வைத்திருந்தார்கள். பாடம் போனில் வந்தது. அப்பா டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் பெங்களூர் போய்விட்டுப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கென்று ஒரு போன் வாங்கித் தந்தார். கூடவே இரண்டு கட்டளைகளும் தந்தார். கதவைச் சாத்திக்கொண்டு போன் பார்க்கக் கூடாது. தெரியாதவர்களிடம் பேசக் கூடாது. கட்டளை போட்டவர் மறுநாள் விடியலில் பஸ் ஏறிவிட்டார். அதை நடத்திக்காட்டும் வேலை அம்மாவின் தலையில் விழுந்தது.

அம்மா நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வருவாள். நடுவில் இருந்த பத்தரை மணி நேரமும் நானும் போனும் தனியாக இருந்தோம். பிள்ளைகளுக்குப் போன் கொடுத்துவிட்டு வந்த அம்மாக்கள் அந்த ஃபேக்டரியில் நிறையப் பேர் இருந்ததால் மத்தியானச் சாப்பாட்டில் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. பூட்டுப் போட்டு வை என்றாள் ஒருத்தி. பிள்ளை பார்ப்பதெல்லாம் நம் போனுக்கு வந்துவிடும், அதற்கு ஒரு ஆப் இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். அதில் வருவதற்கு இடமில்லை. வந்தாலும் படிப்பதற்கு ஆளில்லை.

அம்மா தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தாள். வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்ததும் கூப்பிடுவாள்.

"போனை எடுத்துட்டு வா கண்ணு. இன்னைக்கு என்ன வந்துச்சு, படி."

நான் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். இங்கிலீஷில் வந்திருப்பதைத் தமிழாக்கிச் சொல்வேன். கணக்கு மிஸ் அனுப்பிய வீட்டுப்பாடம், வகுப்புப் பிள்ளைகளின் குரூப்பில் நடந்த சண்டை, யாரோ அனுப்பிய ஜோக் எல்லாவற்றையும் அம்மா காது கொடுத்துக் கேட்பாள். நான் நேரில் பார்த்து ஒரு வருஷமான பிள்ளைகளை அவள் பார்க்காமலே பழகிவிட்டாள். "அந்தப் புள்ளைக்குக் காய்ச்ச உட்டுருச்சாமா?" என்று மறுநாள் ஞாபகமாகக் கேட்பாள். முதல் இரண்டு மாதம் நான் ஒரு வார்த்தை விடாமல் உள்ளதை உள்ளபடியே படித்தேன்.

எனக்குப் படம் வரையப் பிடிக்கும். நோட்டின் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் வரைந்ததைப் போட்டோ எடுத்து, இணையத்தில் பிள்ளைகள் படம் போடும் ஒரு பக்கத்தில் போட ஆரம்பித்தேன். வரைந்த மயிலைக் காட்டினால் அம்மா "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விடுவாள். அந்தப் பக்கத்தில் ஒருத்தி மட்டும் மயிலின் ஒவ்வொரு இறகையும் பார்த்து எழுதினாள். ஒன்பதாம் வகுப்பு, சாமராஜநகர் என்று சொன்னாள். அவளுடைய அம்மாவும் வேலைக்குப் போகிறாளாம், அவளும் பகலெல்லாம் தனியாம். என் வயதில் எனக்கென்று கிடைத்த முதல் ரசிகை. பத்து நாளில் நாங்கள் உயிர்த் தோழிகளாகிவிட்டோம்.

அப்பாவின் இரண்டாவது கட்டளை ஞாபகம் இருந்தது. அதனால் சாயங்காலப் படிப்பில் அவளை விட்டுவிட்டேன். ஆனால் போனில் அவள் எழுதியது நீளநீளமாக நின்றது. அம்மா எட்டிப் பார்த்தால் எழுத்து தெரியாவிட்டாலும் எழுதியிருப்பது தெரியும். எனவே அவள் எழுதியதற்கு மேல் விரலை ஓட்டிக்கொண்டே வேறு எதையாவது படித்தேன். சயின்ஸ் மிஸ் செடிகளைப் பற்றிச் சொன்னதாகவும், பக்கத்துப் பெஞ்சுப் பெண் வீட்டில் பூனை குட்டி போட்டதாகவும் சரளமாக வந்தது. அம்மா கேட்டுக்கொண்டாள். பூனைக்கு எத்தனை குட்டி என்றுகூட ஒருநாள் கேட்டாள். நான்கு என்றேன்.

அந்தத் தோழியிடம் இதைப் பெருமையாக எழுதினேன். எங்கள் அம்மாவுக்குப் படிக்கவே வராது, நான் என்ன சொன்னாலும் நம்பிவிடும் என்று. அவள் சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பினாள். நானும் சிரித்தேன்.

பிறகு அவள், படத்தோடு என்னையும் பார்க்க வேண்டும் என்றாள். மயிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பினேன். அடுத்து மயில் இல்லாமல் ஒன்று கேட்டாள். ஸ்கூல் யூனிஃபார்மில் இருந்ததை அனுப்பினேன். எந்தத் தெரு, அம்மா எத்தனை மணிக்குக் கிளம்புவாள், அப்பா எப்போது வருவார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். எல்லாம் சொன்னேன். உயிர்த்தோழியிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? கடைசியில், புதன்கிழமை மைசூருக்கு வருகிறேன், தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடை வரிசைக்கு நீ தனியாக வா, நாற்பத்தெட்டுக் கலர் பென்சில் பெட்டி வாங்கித் தருகிறேன் என்றாள். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றும் எழுதியிருந்தாள்.

பென்சிலுக்கு ஆசை இருந்தது. ஆனால் நான் தனியாக டவுன் பஸ் ஏறியதே இல்லை. பயமாக இருக்கிறது, வரமாட்டேன் என்று திங்கட்கிழமை மத்தியானம் எழுதினேன்.  அப்புறம் முதல்முறையாக எழுத்துக்குப் பதில் குரல் வந்தது.

"புதவார பர்லேபேக்கு."

புதன்கிழமை வந்தே ஆகவேண்டுமாம். சொன்னது ஓர் ஆணின் குரல். என் அப்பாவின் வயது இருக்கும். அதைத் தொடர்ந்து எழுத்தும் வந்தது. வராவிட்டால் உன் அம்மாவைப் பற்றி நீ எழுதியதையெல்லாம் அவளிடமே சொல்வேன், போட்டோவை உன் வகுப்புக் குரூப்புக்கு அனுப்புவேன் என்று.

இப்போது யோசித்தால் போட்டோவை நினைத்துத்தான் நான் நடுங்கியிருக்க வேண்டும். அன்று அப்படி இல்லை. என்ன சொன்னாலும் நம்பிவிடும் என்று எழுதினேனே, அது அம்மாவின் காதில் விழப்போகிறதே என்றுதான் பயந்தேன். சாயங்காலம்வரை போனைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா வந்தாள். ஊறவைத்திருந்த அவரைக்கொட்டையைப் பாத்திரத்தோடு இழுத்து வைத்துக்கொண்டு தோல் பிதுக்க ஆரம்பித்தாள். "எடுத்துட்டு வா கண்ணு, படி" என்றாள்.

போனைத் திறந்தேன். பூனையோ செடியோ எதுவும் வாயில் வரவில்லை.  அம்மா அவசரப்படுத்தவில்லை. பிதுக்கிய பருப்பு கிண்ணத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நான் மேலே போய், முதலில் இருந்து, மயிலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

அம்மாவைப் பற்றி எழுதிய இடம் வந்ததும் நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டே?"

"அது வேண்டாம்மா."

"அதையும் படி."

படித்தேன். அம்மாவின் கை ஒரு கணம் நின்று மறுபடியும் பிதுக்கியது.

"படிக்க வராதுன்னு எழுதுனியா?"

"ம்."

"அது நெசந்தானே. நான் என்ன சொன்னாலும் நம்பிரும்னும் எழுதுனியா?"

"ம்."

"அது நெசமில்ல."

எனக்குப் புரியவில்லை. அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நெசத்தப் படிக்கறப்ப நின்னு நின்னு படிப்ப. இங்கிலீசப் பாத்துத் தமிழ்ல சொல்லோணுமில்ல? ஒரு மாசமா எங்கயுமே நிக்காம படிக்கறே, ரேடியோல பேசற மாதிரி."

"அப்பறம் ஏம்மா கேக்கல?"

"கேட்டிருந்தா படிக்கறதையே உட்டுருப்ப" என்றாள். "மிச்சத்தையும் படி."

கடைசியில் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினேன். கன்னடம் அம்மாவுக்கு நன்றாகப் புரியும். இரண்டு தடவை போடச் சொன்னாள். அடிப்பாள் என்று தோளைக் குறுக்கி வைத்திருந்தேன். அடித்திருந்தால் அன்று எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் எழுந்து, அதுவரை திறந்தே இருந்த வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்பாவின் முதல் கட்டளையை மீறியது எங்கள் வீட்டில் அம்மாதான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கிளாஸ் மிஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முதலில் அம்மாவுக்குப் பாடம் நடத்தினார். பிள்ளைகள் போனில் என்ன செய்கிறார்கள் என்று பெற்றவர்கள் கவனிக்க வேண்டாமா என்று. அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு மிஸ் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து வைத்துக்கொண்டு, இனிமேல் அந்த ஆளிடமிருந்து ஒன்றும் வராதபடி செய்துவிட்டு, தானே எங்களோடு போலீஸ் ஸ்டேஷனுக்கும் வந்தார். புகாரை எழுதிக்கொண்ட பெண் போலீசும் அதையே கேட்டார், நீங்கள் போனைப் பார்ப்பதில்லையா என்று.

"நோட்தீனி மேடம், ஓதக்கெ பரல்லா" என்றாள் அம்மா. பார்க்கிறேன், படிக்கத்தான் வராது என்று.

அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, அதற்குமேல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மார்க்கெட் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஆளைப் பிடித்தார்களா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது. பட்டன் போனிலிருந்து அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. போனை உடைத்துப் போடு, அவள் படித்துக் கிழித்தது போதும் என்றார். அம்மா அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். "ஒடைக்கறது ஒரு நிமிசமுங்க. அப்பறம் அடுத்த தடவ என்ன நடந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லுவாளா?" என்றாள்.  அப்பா, பிள்ளை சாப்பிட்டதா என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை காலை அம்மா போனை என் கையில் கொடுத்து, "கிளாஸ் இருக்குமில்ல, பாரு" என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவ்வளவு பெரிய தப்புக்குப் பிறகும் போன் திரும்பி வந்துவிட்டது. கீழ்வீட்டுக்கார அம்மா அன்று பார்த்து அரிசி புடைக்க எங்கள் வீட்டுக்கு வந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்ததையும் நான் தற்செயல் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆறரைக்கு அம்மா வழக்கம்போல வந்தாள். கையில் வாழையிலைப் பொட்டலம். பிரித்தால் இரண்டு முழம் மல்லிகை. வெள்ளிக்கிழமை தவிர எங்கள் வீட்டில் பூ வாங்கும் பழக்கமே கிடையாது. என்னைத் திருப்பி உட்காரவைத்துப் பின்னலில் வைத்துவிட்டாள். பிறகு, "எடுத்துட்டு வா, படி" என்றாள். அம்மா எல்லாவற்றையும் மறந்துவிட்டாள், சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். நின்று நின்று, தடுமாறித் தடுமாறிப் படித்தேன்.

எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி கேட்டு, அம்மாவோடு தைத்த அக்கா ஒருத்தி சென்ற வருஷம் வீட்டுக்கு வந்திருந்தாள். பேச்சு எங்கெங்கோ போய் அந்தப் புதன்கிழமைக்கு வந்தது. "அன்னைக்கு உங்கம்மா அரை நாள் லீவு போட்டுட்டு மார்க்கெட்டுக்குப் போகணும்னா. தனியா எப்படி உடறது, நானும் போனேன். பூக்கடைகிட்ட ரெண்டு மணி நேரம் நின்னா. போற வர்ற ஆம்பளைங்க மூஞ்சி ஒண்ணையும் விடல. யாராச்சும் போனை எடுத்துப் பேசுனா கிட்டப் போயி கொரலைக் கேட்டுட்டு வருவா. ஆள் கெடைக்கல. திரும்பறப்ப கடைக்காரம்மா, இவ்வளவு நேரம் நின்னியே, ஒண்ணும் வாங்கலையான்னு கேட்டா. அதுக்காக வாங்குன பூதான்" என்றாள்.

அம்மா உள்ளே காபி கலந்துகொண்டிருந்தாள். அப்படியா என்று நான் கேட்டதற்கு, "அவளுக்கு வேற வேலையில்ல" என்றாள்.

அந்தப் புதன்கிழமை பின்னலில் பூ வைக்கும்போது அம்மாவின் விரல்கள் என் கழுத்தில் பட்டன. சில்லென்று இருந்தன. பூவின் ஈரம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.