"அவருக்கு சுகர் இருந்துச்சா?"

கொரோனா இரண்டாவது அலையில் என் கணவர் இறந்தார். நாற்பத்திரண்டு வயது. செங்கம் ரோட்டில் பைக் மெக்கானிக் கடை வைத்திருந்தார். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் நடப்பவர். சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. துக்கம் கேட்கவும் யாரும் வரவில்லை, போன்தான் வந்தது. எடுத்ததும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி.

"அவருக்கு சுகர் இருந்துச்சாங்க?"

"ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் இருந்தாரு" என்பேன். பிறகு துருவுவார்கள். "பிரஷரு? வீசிங்கு? உடம்பு கொஞ்சம் ஜாஸ்தியோ?"

அவருக்கு ஏதாவது இருந்திருந்தால்தான், தங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர்கள் நிம்மதியாகத் தூங்க முடியும். அது எனக்கு மெல்லத்தான் புரிந்தது.

கடைசியாக கீழ்பென்னாத்தூரிலிருந்து என் நாத்தனார் அழைத்தார். கணவரின் சொந்த அக்கா. அவரும் அதையே கேட்டார். எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

"ஆமா அண்ணி, சுகர் இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல" என்று பொய் சொன்னேன்.

அண்ணி பெருமூச்சு விடுவது கேட்டது. "அதானே பார்த்தேன்! ஸ்வீட்டுன்னா உசுர விடுவான். வாயக் கட்டியிருந்தா பொழைச்சிருப்பான்."

அதன்பின் யாரும் கேட்கவில்லை. அவர் தன் வாயால்தான் செத்தார் என்று சொந்தபந்தம் முழுக்க முடிவுகட்டிவிட்டது. நான் சொன்னது பொய் என்று பிறகு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். உண்மை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார் என்றதும், "சிகரெட் பிடிப்பாரா?" என்றுதான் கேட்டேன். அவர் பெயரைக்கூட அதற்கப்புறம்தான் விசாரித்தேன்.