முதுகு பார்க்க ஒரு ஆள்

செய்தி வந்தபோது நான் சட்டையைக் கழற்றிவிட்டு, கண்ணாடி முன்னால் கழுத்தைத் திருப்பித் திருப்பி என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமயநல்லூரில் ஓர் ஆட்டு மந்தைக்கு நடுவே நடந்து வந்திருந்தேன். "என்னப்பா, இந்த வயசுல டான்ஸ் பழகுறீங்களா?" என்று சிரித்தபடி மகள் செல்வி போனை நீட்டினாள். சாமுவேல் சார் இறந்துவிட்டார் என்றார்கள். நெஞ்சு வலி. கே.கே. நகர் வீட்டில் தனியாக இருந்தவர். காலையில் பால்காரர்தான் பார்த்திருக்கிறார்.

அவரோடு வேலை பார்த்து, இன்று அவருக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் உங்களுக்கு என்னைத் தெரியும். ஆய்வுக்கூடத்து ஜீப் டிரைவர். பத்தாம் வகுப்புக் கணக்கு கைவிட்டதால் ஸ்டியரிங்கைப் பிடித்தவன்.

உண்ணிகளைப் பிடித்து, அவற்றுக்குள் என்ன நோய்க்கிருமி இருக்கிறது என்று பார்ப்பது சாரின் வேலை. மாட்டு மேலும் தேடுவோம். உண்ணி ஒட்டிக்கொள்ளட்டும் என்று மேய்ச்சல் புல்லில் வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டும் நடப்போம். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒருவர் என்னிடம், "ஏண்ணே, மாட்டுக்குப் பேன் பாக்கவா இவரு இம்புட்டுப் படிச்சாரு?" என்றார். சார் நிமிராமலே, "மனுசன் தலையக் காட்ட மாட்டேங்கிறானே, என்ன செய்ய?" என்றார்.

ஜீப்பில் ஏறுமுன் ஒருவர் முதுகை மற்றவர் பார்க்க வேண்டும். காலருக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம். "சுத்தம், ஏறலாம்" என்று சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பும். ஒருநாள் கேட்டேன். "வீட்டுல உங்களுக்கு யாரு சார் பாப்பாங்க?"

"கண்ணாடி இருக்குல்லண்ணே."

செல்வி ஒன்றாம் வகுப்பு படித்தபோது பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைக் கொஞ்சிவிட்டு வந்தாள். காதுக்குப் பின்னால் உண்ணி. அதைச் சுட்டு எடுக்க நான் தீக்குச்சியோடு ஓடினேன். என் மனைவி தீக்குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு சாருக்குப் போன் செய்தாள். ஸ்கூட்டரில் வந்தவர் சின்ன இடுக்கியால் மெதுவாக இழுத்து எடுத்தார். நான் செருப்பைத் தூக்கினேன். "நசுக்கிறாதீங்கண்ணே. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா, என்ன கிருமின்னு இதுகிட்டத்தான கேக்கணும்?" என்று குப்பியில் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் வந்து செல்வியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். தோசை சாப்பிடுவார். செல்விக்குக் கதை சொல்வார். காய்ச்சல் வரவே இல்லை. இனிப் பயமில்லை என்று சொன்ன அன்று என் மனைவி, "சும்மாவும் வாங்க தம்பி" என்றாள். "வாரேன்க்கா" என்றார். வரவில்லை. காரணம் இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போக அவருக்குத் தெரியாது.

மனைவி இறந்த பிறகு எனக்கும் கண்ணாடிதான். எப்படித் திரும்பினாலும் முதுகின் நடுவில் ஓர் இடம் தெரிவதே இல்லை. சார் எத்தனை வருடம் அதைத் தனியாகப் பார்க்க முயன்று முயன்று விட்டிருப்பார்! அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான்.

அன்று சவப்பெட்டியை மூடுமுன் அவர் கோட்டுக் காலர் மடங்கிக் கிடந்தது. சரிசெய்யும் சாக்கில் காதுக்குப் பின்னால் வரை பார்த்தேன். வெளியே வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சுத்தம் சார், ஏறலாம்.

மனசுக்குள் சொல்லிவிட்டுப் பெட்டிக்குத் தோள் கொடுத்தேன்.