கண்டக்டர் வீட்டுத் தண்ணீர்க் கிண்ணங்கள்

கருவடிக்குப்பம் கமலக்கண்ணன் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். மூச்சுவிட இடமில்லாத வண்டியிலும், "உள்ள போ, உள்ள போ, எடம் இருக்குல்ல" என்று இன்னும் ஒரு கும்பலை ஏற்றிவிடுகிற தொண்டை. அப்படிப்பட்டவருக்கு வயதான காலத்தில் வந்து சேர்ந்தது, இடைவெளி விடச் சொல்லும் பக்தி.

குடகு டூரில் ஆரம்பித்தது அது. வழியில் பைலகுப்பேயில், திபெத்தியர் கோயிலில் எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஓர் இளம் பிக்கு ஏழு கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றுவதை வாய் பார்த்து நின்றார். ஒரு சொட்டு சிந்தவில்லை. டூர் பஸ் ஹார்ன் அடித்துப் பார்த்தது. ஊரையே அவசரப்படுத்தியவரைத் தேடி ஆள் போக வேண்டியதாயிற்று. திரும்பும்போது மடியில் ஒரு சின்ன புத்தர், ஏழு பித்தளைக் கிண்ணங்கள், பிக்கு பாதி சைகையில் சொல்லிக்கொடுத்த விதிகள்.

காலையில் இடமிருந்து வலமாக நிரப்ப வேண்டும். பொழுது சாய்வதற்குள் வலமிருந்து இடமாகக் காலி செய்து, துடைத்துக் கவிழ்த்துவிட வேண்டும். வெறும் கிண்ணம் நிமிர்ந்து நிற்கக் கூடாது. கிண்ணத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு பார்லி மணி அளவு இடைவெளி. தண்ணீர் ஏன் என்றால், கொடுக்கிறவன் மனசு கஞ்சத்தனம் பண்ணாத பொருள் அது.

"அந்த சாமி நம்ம தெருக் கொழாயப் பாக்கல" என்றாள் மனைவி அஞ்சலாட்சி.

பூஜை அலமாரியில் மாரியம்மன் படத்துக்குக் கீழே கிண்ணங்கள் இடம் பிடித்தன. கற்பூரத் தட்டு ஜன்னலோரம் தள்ளப்பட்டது. அஞ்சலாட்சிக்கு அதில் கோபம். கிண்ணங்களின் அளவைப் பார்த்ததில் ஆசை. பாயாசத்துக்கென்றே செய்த மாதிரி இருந்தன.

"வீராம்பட்டினம் தேரு வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்குள்ள ஒரு நாள், ஒரே ஒரு நாள், பொழுதோட தண்ணிய எடுக்காம வுட்டீங்க, ஏழும் சமையக்கட்டுக்கு வந்துடும். தேரு தாண்டிட்டா நான் வாயே தொறக்கல."

"நீ வாய் தொறக்காம இருப்பியா?"

"கிண்ணத்தப் பத்தி மட்டும் தொறக்க மாட்டேன்."

கமலக்கண்ணனுக்குத் தண்ணீர் ஊற்றுவது சுலபம்; குலுங்குகிற வண்டியில் பிடிமானமில்லாமல் நின்ற கை சிந்தாது. இடைவெளிதான் சிரமம். பழக்கதோஷம், விரல் தானாகவே கிண்ணங்களை நெருக்கித் தள்ளிவிடும். ஒரு பார்லி மணியைச் சிமிழில் வைத்துக்கொண்டு தினமும் அளந்தார். காலி செய்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போனது. செடி தளதளவென்று வளர்ந்ததை அஞ்சலாட்சி பார்த்தாள், பாராட்டவில்லை.

தேர் நாள் வந்தது. காலையில் கிண்ணங்களை நிரப்பிவிட்டு வீராம்பட்டினம் போனார். வடம் தொட்டார். பழைய டிரைவர் கோவிந்தராசுவோடு பேச உட்கார்ந்ததுதான் தப்பு. பஸ் ஏறும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. ஊரே அந்த ஒரே வண்டியில் ஏறியிருந்தது.

"பெருசு, உள்ள போ, எடம் இருக்குல்ல!" என்று அவர் முதுகில் கை வைத்தான் புதுக் கண்டக்டர்.

"எங்கய்யா இருக்குது எடம்? நடுவுல ஒரு பார்லி போவுமா?"

கண்டக்டர் இதற்கு முன் கேட்டிராத புகார் அது. கமலக்கண்ணன் போன் போட்டார், வீட்டில் எடுக்கவில்லை. வண்டி ஊர்ந்தது. ஜன்னலில் சூரியன் இறங்கிக்கொண்டே போனது. அவர் கண்ணுக்கு அது பாயாசத்தில் மிதக்கும் முந்திரி மாதிரித் தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. ஏலக்காய் வாசனை. நேரே பூஜை அலமாரிக்கு ஓடினார். ஏழு கிண்ணங்களும் துடைத்துக் கவிழ்த்துக் கிடந்தன.

"யாரு எடுத்தது?"

"ஊரே எடுத்துது. தேங்காய்த்திட்டுல மீன் ஏலம் வுடற என் தங்கச்சி சிவசங்கரி பட்டாளத்தோட வந்தா. கிண்ணத்தப் பாத்ததும், 'அக்கா, எந்தக் கோயில் தீர்த்தம்'னு கேட்டுக்கினே கதவுப் பக்கம் இருந்த கிண்ணத்த எடுத்து எல்லார் கையிலயும் ஊத்த ஆரம்பிச்சிட்டா."

"நீ சும்மாவா இருந்த?"

"புத்தருக்கு வெச்ச தண்ணின்னு சொன்னா, மாமா சாமியாராப் போயிட்டாருன்னு நாளைக்கு மீனோட சேத்து உங்களயும் ஏலத்துல வுட்டுடுவா. ஆமாடி, தீர்த்தந்தான்னுட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்களும் கைய நீட்டினாங்க."

கமலக்கண்ணன் யோசித்தார். கதவு இருப்பது வலது பக்கம். "அப்ப வலமிருந்து இடமாவா காலியாச்சு?"

"வரிசயாத்தான். ஒவ்வொண்ணும் காலியானதும் எனக்குப் பக்குனு ஆச்சு. வெறுங்கிண்ணம் நிமிந்து நிக்கக் கூடாதுன்னு தெனம் மொணமொணக்கறீங்களே, காதுல வுழாதா? தொடச்சிக் கவுத்தேன். பொழுது அப்பத்தான் சாஞ்சிது."

"அப்பப் பந்தயம்?"

"நீங்க எடுக்கல. தோத்துட்டீங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். அஞ்சலாட்சி பாயாசத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். எவர்சில்வர் டம்ளரில்.

"அந்தக் கிண்ணத்துல எப்பிடிங்க பாயாசம் ஊத்தறது? ஊரே கண்ணுல ஒத்திக்கினு போயிருக்குது."

பாயாசத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கிண்ணங்களிடம் போனார்.

"கை கழுவாம தொடாதீங்க!" என்று கத்தினாள்.

மறுநாள் அவர் கண் விழித்து வருவதற்குள் ஏழும் நிரம்பியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துளசி. குனிந்து இடைவெளியைப் பார்த்தார். கச்சிதம். அளவு பார்க்கச் சிமிழைத் திறந்தால், உள்ளே பார்லி இல்லை.

"எறும்பு தூக்கினு போயிடுச்சி" என்றாள் அஞ்சலாட்சி சமையற்கட்டிலிருந்து. "உளுத்தம்பருப்பு வெச்சி அளந்தேன். புத்தரு ஒண்ணும் சொல்லல. நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க."