ஏஜென்ட் தேடி வந்த பெண்

கிரவீன் என்ற புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அப்பா, அம்மா, மாமா, நான், கைக்குழந்தையாக இருந்த தம்பி என்று ஐந்து பேர் வசித்தோம். ஆறாவதாக ஒரு பெண்ணும் இருப்பதாக வீட்டு ஏஜென்ட் நம்பினார். அவளைப் பார்க்க ஒரு நாள் நேரிலேயே வந்தும் விட்டார்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் பின்னாளில் நான்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அந்த வயதிலேயே வீட்டின் ஆங்கிலம் முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. அப்பாவின் ஆங்கிலம் பெயின்ட் வேலைக்குப் போதும். மாமாவின் ஆங்கிலம் கோபம் வந்தால் மட்டும் வரும். அம்மாவுக்கு ஊரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது.

தம்பி படுக்கும் அறையின் கூரை ஒழுகியது. மழை பெய்த ஒவ்வொரு முறையும் மேலே கறுப்புப் பூஞ்சணம் இன்னும் கொஞ்சம் படர்ந்தது. அவனுக்கு இழுப்பு வந்தது. ஈரமில்லாத இடத்தில் பிள்ளையை வைத்திருங்கள் என்றார் டாக்டர். மாமா ஏஜென்டுக்குப் போன் செய்தார். நீங்கள் சமைக்கும் ஆவியால் வந்த கறை அது என்று பதில் வந்தது. வாடகை ஒப்பந்தம் முடிய அதிக நாள் இல்லை. படகில் வந்து தற்காலிக விசாவில் இருக்கும் எங்களுக்கு வேறு வீடு யார் தருவார்கள்? அதட்டிக் கேட்டால் வீடு போய்விடும். கேட்காமல் விட்டால் தம்பியின் நெஞ்சு தாங்காது.

அந்த வாரம்தான் வகுப்பில் ஆசிரியை சுவரில் ஒரு பெரிய அட்டையை ஒட்டினார். மேலே 'ஐ திங்க்' என்று எழுதிச் சிவப்பால் அடித்திருந்தார். கீழே அதற்குப் பதிலாக எழுதவேண்டிய வினைச்சொற்கள்: கன்டெண்ட், அசெர்ட், மெயின்டெய்ன். எல்லாம் ஒருவர் தன் கருத்தை விடாமல் வலியுறுத்தும் சொற்கள்தான், ஆனால் கோட்டும் டையும் போட்டவை. 'நான் நினைக்கிறேன்' என்றால் அது ஒரு பிள்ளையின் பேச்சு, இந்தச் சொற்களை எழுதினால் வாசிப்பவருக்கு உங்கள் வயதும் முகமும் தெரியாது என்றார் ஆசிரியை. நான் அதை அப்படியே நம்பினேன்.

அம்மாவின் பெயரில் ஏஜென்டுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கூரை நாங்கள் வருவதற்கு முன்பே உடைந்திருந்தது என்று நான் மெயின்டெய்ன் செய்தேன். மறுநாள் அவரே போனில் அழைத்து எழுதிய பெண்மணியைக் கேட்டார். நான் குசினியில் அடுப்புப் பக்கம் நின்று, எழுதியதை வாசித்தேன். அந்தச் சொல் வந்த இடத்தில் என் குரல் தாழ்ந்தது. தாழ்ந்து, நிதானமாகி, எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் குரலானது.

வேலைக்குப் போய் வந்து படுத்திருந்த மாமா எழும்பி வந்தார்.

"ஆர் வந்திருக்கிறா?"

ஒருவரும் வரவில்லை என்றேன். அவர் நம்பாமல் கூடம்வரை போய்ப் பார்த்தார். அங்கே சுவரில் அம்மாவின் அண்ணாவான பெரியமாமாவின் படம் மட்டும்தான் இருந்தது. அதற்கு யாரும் மாலை போடுவதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. அழுதுகொண்டிருந்த தம்பி அந்தக் குரலைக் கேட்டதும் அடங்கிவிட்டான். அவன் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவின் கையில் பாதி உரித்த வெங்காயம் அப்படியே இருந்தது.

அதன்பிறகு ஏஜென்ட் அழைக்கும்போதெல்லாம் அந்தக் குரலோடு அவள் வந்தாள். அவர் என்னை மேடம் என்றார். மாமாவுக்கு அது பெரிய பகிடி. "லோயர் அம்மா இண்டைக்கு இன்னும் எழும்பேல்லையோ?" என்று அவளை வக்கீலாக்கிச் சிரிப்பார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அவவைப் பகிடி பண்ணாத," என்றார் ஒரு நாள். யாரோ பக்கத்து அறையில் படுத்திருப்பதுபோல.

ஒரு மாலை பள்ளியிலிருந்து வந்து கதவில் சாவியைப் போட்டபோது உள்ளே அந்தக் குரல் கேட்டது. தாழ்ந்து, நிதானமாக, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். டிவி அணைந்திருந்தது. அம்மா தனியே நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆரம்மா கதைச்சது?"

"ஒருத்தரும் இல்லையே."

அன்றிலிருந்து அந்த வீட்டில் தனியாகக் குளியலறைக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது. நான் செய்த ஆளுக்கு நானே பயந்தேன்.

பிறகு, மழை பெய்த ஒரு பின்னேரம் ஏஜென்ட் வாசலில் வந்து நின்றார். அப்பாவும் மாமாவும் வேலையில் இருந்தார்கள். அவர் அம்மாவைப் பார்த்தார், சீருடையோடு நின்ற என்னைப் பார்த்தார், பிறகு எங்களைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தார். தான் போனில் பேசிய பெண்மணியோடுதான் பேசவேண்டும் என்றார்.

நான் வாயைத் திறந்தேன். "ஐ திங்க்..." என்று வந்தது. பத்து வயதுப் பிள்ளையின் கீச்சுக்குரல். மறுபடி முயன்றேன். அவள் வரவில்லை. ஏஜென்ட் மெல்லச் சிரித்தார். அப்படி ஒருவர் இங்கே இல்லையென்றால் பேசவும் ஒன்றுமில்லை, ஒப்பந்தத்தை நீட்டுவதா என்று வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லித் திரும்பினார்.

என் முதுகுக்குப் பின்னால் அவள் பேசினாள்.

கூரை நாங்கள் வருவதற்கு முன்பே உடைந்திருந்தது என்று மெயின்டெய்ன் செய்தாள். நான் எழுதிய அதே வரி. நான் மூச்சு விட்ட அதே இடத்தில் மூச்சு விட்டாள். என் குரல் எனக்கு வெளியே நின்று பேசியது. திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

ஏஜென்ட் ஏதோ கேட்டார். அம்மா அதே வரியை அதே தாழ்வில் சொன்னார். அவர் இன்னொன்று கேட்டார். மறுபடியும் அதே வரி. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"யெஸ், மேடம்," என்றார் ஏஜென்ட். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தம்பியின் அறையில் அண்ணாந்து பார்த்தார். சில நாட்களில் கூரை வேலைக்காரர்கள் வந்தார்கள். ஒப்பந்தமும் நீண்டது.

அன்று ஏஜென்ட் போனதும் அம்மா கதவைப் பிடித்தபடியே நிலத்தில் உட்கார்ந்து அழுதார். எனக்குப் புரியவில்லை. வென்றவர்கள் ஏன் அழவேண்டும்?

"அம்மா, அந்த மெயின்டெய்ன் எண்ட சொல்லின்ர கருத்து தெரியுமோ?"

"தெரியாது பிள்ளை. அவ சொல்லுற மாதிரிச் சொன்னனான்."

எவ என்று கேட்கத் துணிவு வரவில்லை. அவளும் அதற்குப்பின் வரவில்லை.

நான் பல்கலைக்கழகம் போன வருடம், பிளாக்டவுனில் இருக்கும் ஒரு அன்ரி, அம்மாவின் ஊர்க்காரி, எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் போனில் யாரோடோ கண்டிப்பாகப் பேசுவதைக் கேட்டு அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். உன் அம்மாவின் குரல் என்றார். ஊரில் ராணுவத்தினர் பெரியமாமாவைக் கூட்டிக்கொண்டு போய் அவர் திரும்பாதபிறகு, அம்மா தினமும் அவர்களின் அலுவலக வாசலில் போய் நின்றாராம். இடுப்பில் கைக்குழந்தையாக நான். என் அண்ணாவை உங்கள் ஆட்கள்தான் கூட்டிக்கொண்டு போனவர்கள் என்று ஒரே வரியை, சத்தம் போடாமல், அழாமல், காவலுக்கு நின்றவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வாராம். பதில் சொல்ல ஒருவரும் வாய் திறந்ததில்லை.

வகுப்புச் சுவரிலிருந்த அட்டைதான் அந்தப் பெண்ணை எனக்குத் தந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். பத்து வயதில் எனக்குத் தெரியாது, அன்று கிரவீன் வாசலில்தான் அம்மாவின் அந்தக் குரலுக்கு முதன்முதலாக ஒருவர் பதில் சொன்னார் என்று.