மேற்குப் பார்த்த கண்ணாடி

வீடு கட்டிக் கொடுக்கிற எங்கள் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: எலிவேஷன், அதாவது முன்பக்கத் தோற்றம், எப்படி இருக்கும் என்று கேட்காத ஆளே கிடையாது, வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்கிற ஆளை நானும் இருபது வருஷமாகத் தேடுகிறேன். கான்கிரீட் தளத்துக்குக் கீழே கத்திரி வெயிலில் புரண்டு புரண்டு படுக்கும் சக ஜீவன்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? காரைக்காலில் நான் பிளான் போட்ட ஒரு வீட்டின் கதை இது. சிரிப்பு இதில் கொஞ்சம்தான்.

வாட்ஸப்பில் வந்த வீடு

ஹாஜாவுக்கு ஷார்ஜாவில் வேலை. தலத்தெருவில் மனை வாங்கியிருந்தார், தெரு மேற்குப் பக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை, டிசம்பர் கடைசியில், ஒரு மாத லீவில் வருவார். அதனால் பேச்செல்லாம் வீடியோ காலில்தான். அங்கே பார்த்த ஒரு கட்டிடத்தின் படத்தை அனுப்பி, அதே மாதிரி முன்பக்கம் பூராவும் தரையிலிருந்து தளம் வரைக்கும் கண்ணாடி வேண்டும் என்றார். "மேற்கு வெயில் நேரா அடிக்குங்க. அங்க நாள் பூரா ஏசி ஓடும், இங்க ஓடுமா?" என்று கேட்டேன். ஓடும் என்றார். கடல் கிழக்கே இருக்கிறது, பின்பக்கம் பெரிய ஜன்னல்களாக வைத்தால் மத்தியானத்துக்கு மேல் காற்று வரும் என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"பின்பக்கத்த யாரு மேடம் பாக்கப் போறா?"

கடல்காற்றுக்கு ஒதுக்கிய இடம்

விட்டுக்கொடுத்தேன் என்று சொன்னால் அது மரியாதையான பேச்சு. மல்லுக்கட்டச் சோம்பல்பட்டேன் என்பதுதான் நிஜம். நான் மாட்டேன் என்றால் இன்னொரு இன்ஜினியர் அதே கண்ணாடியை வைக்கத்தான் போகிறார் என்று மனசுக்கு ஒரு சமாதானம் வேறு. படிக்கட்டு, மூன்று பாத்ரூம் எல்லாவற்றையும் கிழக்கே தள்ளிப் பிளானை முடித்துக் கையெழுத்தும் போட்டேன். அந்த வீட்டில் நாள் முழுக்க இருக்கப்போகிறவள் ஹாஜாவின் மனைவி சமீமா. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு பொம்பளைதானே, தோணவில்லை பாருங்கள்!

எங்கள் மேஸ்திரி செல்வராசு மீனவக் குடும்பத்துக்காரர். மனையில் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று, வேலையை விட்டுவிட்டுக் கிழக்கே பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். சட்டை படபடவென்று அடித்துக்கொண்டது.

"ஏன் மேடம், கடக்காத்த பூரா கக்கூஸுக்கு எழுதி வச்சிட்டீங்களா?"

குரும்பகரத்தில் ஒரு கொட்டகை

அந்த வீடு எழும்பிக்கொண்டிருந்த கோடையில், குரும்பகரத்து விவசாயி ஒருவர் தன் கான்கிரீட் வீட்டில் விரிசல் என்று கூப்பிட்டார். போனால், மனுஷர் மாட்டுக் கொட்டகையில் கயிற்றுக் கட்டில் போட்டு ஹாயாகப் படுத்திருக்கிறார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, கீற்றுக்குக் கீழே சிலுசிலுவென்று இருக்கிறது. அப்புறம் வீடு எதற்கு என்று கேட்டேன்.

"அது சம்பந்தி வூட்டுக்காரங்க வந்தா உக்கார்றதுக்குங்க."

குடிபோன நாள்

ஹாஜா லீவில் இருந்தபோது, ஜனவரியில் குடிபோனார்கள். ஊரே குளிர்ந்து கிடந்தது. ஃபாத்திஹா ஓதி, பிரியாணி பரிமாறி, வந்தவர்கள் எல்லோரும் கண்ணாடி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஹாஜாவின் வாப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் அசையும். தெருவைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கட்டும் என்று முன்னறையில் அவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தார் ஹாஜா. பாசத்தோடு செய்ததுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். கூட்டம் குறைந்ததும் சமீமா என்னைத் தனியாக அழைத்துப்போய்க் கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டினாள்.

"இது தொறக்குமாக்கா?"

கண்ணாடியில் கைலி

திறக்காது. மே மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் போனேன். அப்பப்பா, அது அறையா, அடுப்பா! ஏசி போட்டால் வாப்பாவுக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறது, நிறுத்தினால் அறை வேகிறது. மற்ற படுக்கையறைகள் மாடியில். அங்கே இன்னும் மோசம். கீழே மிச்சமிருக்கும் நடையில் கட்டில் நுழையாது. சூடாக இருக்கிறது என்று சொல்ல அந்த மனுஷருக்கு வாயும் இல்லை. சமீமா கைலிகளை நனைத்து நனைத்துக் கண்ணாடி நெடுகத் தொங்கவிட்டிருந்தாள்.

அங்கிருந்தே ஹாஜாவை வீடியோ காலில் கூப்பிட்டேன். ஒரு பாத்ரூமை இடித்துக் கிழக்கே ஜன்னல் வைப்போம், கண்ணாடியை அறுத்துத் திறப்பு விடுவோம், அதுவரைக்கும் வெளியே மூங்கில் தட்டியாவது கட்டுவோம் என்று கெஞ்சினேன். டிசம்பரில் நேரில் வந்து பார்த்து முடிவு செய்கிறேன் என்றார். அதற்குள் அவர் திரையில் கைலிகள் தெரிந்துவிட்டன.

"கண்ணாடியில ஏன் துணி தொங்குது? தெருவுல போறவங்க என்ன நெனைப்பாங்க?"

மத்தியானம் மூன்று மணி

சமீமா கைலியை எடுக்கவில்லை. அந்தத் தைரியம் பிளான் போடும்போது எனக்கு வந்திருக்க வேண்டும்.

டிசம்பர் வரைக்கும் வாப்பா இருக்கவில்லை, அந்தக் கத்திரியிலேயே போய்விட்டார். வயசும் நோயும் இருந்தது வாஸ்தவம். வெக்கையும் உடம்பை வற்ற வைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். ஹாஜா வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

மறுநாள் துக்கம் கேட்கப் போனேன். வெறும் கட்டிலில் ஹாஜா உட்கார்ந்திருந்தார். மணி மூன்று. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த வீட்டுக்குள் மே மாதத்தில் அவர் இருப்பது அதுதான் முதல் தடவை. சமீமா பக்கம் திரும்பி, "இவ்வளவு சூடா இருக்கும்னு தெரியாதே சமீமா. தெனம் வீடியோவுல பேசினோமே, தெனம் வாப்பாவக் காட்டினியே!" என்று உடைந்து அழுதார். நான்தான் முதலிலேயே சொன்னேனே என்று வாய் திறக்கிற நேரமா அது? பிளானில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. சமீமா குரலில் கோபமே இல்லை.

"மொகம் மட்டுந்தான் மச்சான் போன்ல தெரியும். சூடு தெரியாது."

இப்போது யார் வீடு கட்ட வந்தாலும், அதில் நாள் முழுக்க இருக்கப்போகிறவர்களை முதலில் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கிறேன். பாதிப் பேர், இந்த மேடத்துக்குத் தொழில் தெரியவில்லை என்று வேறு இன்ஜினியரிடம் போய்விடுகிறார்கள்.